புல்மேட்டு விமானமும் வடிவின் அவசரமும்

வடிவு எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள். "அன்னைக்கே அவளுக்கு அவசரம்" என்று லயத்தில் சொல்வார்கள்.

கொடைக்கானல் மலையில், கவுஞ்சியைத் தாண்டிக் கிளாவரைக்குப் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஓர் எஸ்டேட்டில் அவளுடைய வீடு. தொழிலாளர்களுக்காக வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளை அங்கே லயம் என்பார்கள். அந்தச் சொல் அவளுடைய அப்பா அம்மாவோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. தேத்தண்ணி என்பதும், முதலாளியைத் தொரை என்று கூப்பிடுவதும் அதே கப்பலில் வந்தவைதான்.

எதைச் செய்தாலும் வடிவு வெரசாகச் செய்வாள். கேரட் பிடுங்கப் போனால் மற்றவர்கள் ஒரு பாத்தி முடிப்பதற்குள் இரண்டு பாத்தி முடிப்பாள். அதில் பாதி ஒடிந்திருக்கும். கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழைப்பு முடியுமுன்பே மணவறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வாய்த்த மாப்பிள்ளை அழகையாவோ, சாப்பிடும்போது ஒவ்வொரு பருக்கையையும் நலம் விசாரித்து உள்ளே அனுப்புகிறவர். எஸ்டேட் டிராக்டரை ஓட்டுவது அவர் வேலை. ஏறி உட்காருமுன் சீட்டைத் துடைப்பார், எண்ணெய் பார்ப்பார், சக்கரத்தைச் சுற்றி வருவார், பிறகு வானத்தையும் ஒருமுறை பார்ப்பார்.

"மழையா வரப்போவுது? ஏறுங்க வெரசா!" என்பாள் வடிவு.

"வண்டி எங்கயும் ஓடிப்போவாது, புள்ள" என்பார் அவர்.

இப்படி இருவரும் மத்திம வயதுவரை ஒரு குறையும் இல்லாமல் வந்த பிறகுதான் அந்த எஸ்டேட்டைப் பழனிக்குமார் வாங்கினார்.

பழனிக்குமாருக்குத் திண்டுக்கல் பக்கம் நூல் மில் இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அவருக்கு விமானம் ஓட்டும் ஆசை வந்தது. கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டார். இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம் ஒன்றையும் வாங்கினார். எஸ்டேட்டின் உச்சியில் மரமில்லாமல் நீளமாகக் கிடந்த புல்மேட்டைப் பார்த்ததும், கேரட் எவ்வளவு விளையும், தண்ணீர் எங்கிருந்து வரும் என்றுகூடக் கேட்காமல் எஸ்டேட்டைப் பேசி முடித்தார். மேட்டைச் சமன் செய்து, புல்லை ஒட்ட வெட்டி, ஓரத்தில் ஒரு கம்பம் நட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் ஆரஞ்சு நிறத் துணிக்குழாயைக் கட்டினார்கள். வளைந்து வளைந்து வரும் மலைச்சாலையில் ஜீப் ஏறினாலே அவருக்குக் குமட்டும். ஆகாயத்தில் வளைவு கிடையாது என்பது அவருடைய கணக்கு.

விமானம் வருகிற நாளில் மேட்டில் மாடு கன்று நிற்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. ஓடக்கூடிய ஆள் என்றதும் எல்லோரும் வடிவைக் காட்டினார்கள்.

முதல் முறை விமானம் வந்தபோது மேட்டில் நான்கைந்து பசுமாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வராதே, வராதே என்று வடிவு தலைத்துண்டை எடுத்துச் சுழற்றினாள். கவுஞ்சியிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் கையை ஆட்டியது. பழனிக்குமாருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பதிலுக்குச் சிறகை ஆட்டிவிட்டு நேராக இறங்கினார். விமானம் தவளை மாதிரி இரண்டு மூன்று தடவை குதித்தது. மாடுகள் தாமாகவே வழிவிட்டன.

"எவ்வளவு அன்பான ஜனங்க!" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார் அவர்.

"அன்பெல்லாம் இல்லைங்க தொரை. வராதீங்கன்னு சொன்னேன்" என்றாள் வடிவு.

அன்றே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மேட்டின் நடுப்பகுதியில் ஓரமாக வெள்ளைப் போர்வை விரித்திருந்தால் இறங்கலாம், இல்லையென்றால் கூடாது. அதற்குப் பிறகு பல மாதங்கள் ஒரு பிசகும் இல்லை. குதிப்பது மட்டும் நிற்கவில்லை. குதிக்காமல் இறங்குகிற நாளில் லயத்துப் பெண்களுக்கே சப்பென்று இருக்கும்.

பொங்கல் கழிந்த ஒரு காலையில் அது நடந்தது. முந்தின இரவு பனி கடுமையாக உறைந்து, விடிந்தபோது மேடு முழுக்க உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடந்தது. வெள்ளனே காற்று இருக்காது என்று பழனிக்குமார் சூரியன் ஏறுமுன்பே கிளம்பிவிட்டார். வடிவு மாடுகளை ஓட்டிவிட்டுப் போர்வையை விரித்தாள். வெள்ளைப் பனியில் வெள்ளைப் போர்வை தெரியுமா என்று அழகையாதான் யோசித்தார். அவர் யோசித்து முடிக்குமுன் விமானம் வந்துவிட்டது.

போர்வையைத் தேடிக்கொண்டு வந்தவர் மேட்டின் பாதியைத் தாண்டித்தான் சக்கரத்தைத் தரையில் வைத்தார். வேகமும் கூடுதல். பிரேக்கை அழுத்தினார். உறைபனி போர்த்திய புல்லில் சக்கரங்கள் உருளாமல் அப்படியே வழுக்கின. மேடு முடிந்தது, விமானம் முடியவில்லை. கரையைத் தாண்டிக் கீழே இருந்த திருமலைச்சாமியின் பூண்டு வயலில் மூக்கைக் குத்தி, வால் எழும்பி, மெதுவாக யோசிப்பதுபோல் ஒரு கணம் நின்று, மல்லாக்கக் கவிழ்ந்தது.

வடிவு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மூன்று சக்கரங்களும் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. கதவைப் பிடித்து இழுத்ததும் திறந்துகொண்டது. உள்ளே பழனிக்குமார் தலைகீழாக, பெல்ட்டில் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிகூட மூக்கில் அப்படியே இருந்தது.

"வடிவு, எனக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

"பேசாதீங்க தொரை!"

"நெசமாத்தாம்மா. ஒரு கீறல் இல்ல. கையை ஊணிக்கிட்டு நானே மெல்ல..."

எங்கிருந்தோ சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் ஒழுகுகிற வாடை வடிவின் மூக்கில் ஏறியது. கரைமேல் அழகையா தோன்றி, "ஏ வடிவு, பொறு! கொஞ்சம் பொறு!" என்று கத்தினார். வடிவு இடுப்பில் செருகியிருந்த பன்னரிவாளை உருவினாள். பூண்டுத்தாள் அறுக்கிற அதே வீச்சில் பெல்ட்டை அறுத்தாள்.

பெல்ட் அறுந்தால் அதில் தொங்குகிற ஆள் என்ன ஆவார் என்பது அவளுக்குப் பிறகுதான் தோன்றியது. பழனிக்குமார் தோள் கீழாக, விமானத்தின் கூரையில் பொத்தென்று விழுந்தார். முருங்கைக்கொம்பு ஒடிந்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது.

"இப்ப ஆயிருச்சு" என்றார் பழனிக்குமார், முகம் வெளுத்து.

வடிவு அவரை வயலின் கோடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். விமானம் தீப்பிடிக்கவில்லை. இழுத்தது எந்தக் கை என்பதை அவள் கவனித்திருந்தால் அவர் இன்னும் கொஞ்சம் குறைவாகக் கத்தியிருப்பார்.

அழகையா டிராக்டரைக் கொண்டுவந்தார். டிரெய்லரில் சாக்குகளைப் போட்டு அவரைப் படுக்கவைத்து, மன்னவனூர்வரை கொண்டுபோய் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக அழகையாவின் நிதானத்தை ஒருவர் மனமாரப் பாராட்டினார். ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் டிராக்டரைத் தாலாட்டி இறக்கியதைப் பழனிக்குமார் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, காறை எலும்பு முறிந்திருக்கிறது, வேறு காயம் இல்லை என்றார்கள்.

"பிளேன் கவுந்து இவ்வளவோட போச்சே, உங்களுக்கு நல்ல நேரம் சார்" என்றார் டாக்டர்.

பழனிக்குமார் வடிவைப் பார்த்தார். வடிவு தரையைப் பார்த்தாள்.

விசாரணை முடியும்வரை விமானத்தை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. திருமலைச்சாமி தலையில் கைவைத்தார். முற்றி நிற்கும் பூண்டுக்கு நடுவே வெள்ளையாக ஒரு விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. "ஏத்தா வடிவு, உங்க தொரைக்கு எறங்குறதுக்கு வேற எடமே கெடைக்கலையா? பக்கத்துல தரிசு சும்மாதானே கெடக்கு?" என்று கேட்டார். ஆனால் அந்த வருத்தம் நாலைந்து நாள்தான். செய்தி பரவி, கொடைக்கானலுக்கு வந்த சுற்றுலாக்காரர்கள் எல்லாம் வண்டி பிடித்துவர ஆரம்பித்ததும் அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வரப்பில் நின்றார். விபத்து நடந்தபோது அவர் பூம்பாறையில் மச்சினன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர். "என் தலைக்கு மேல, இந்தா, இவ்வளவு ஒசரத்துல போச்சு" என்று கையால் அளந்து காட்டுவார். அந்த உயரம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

விசாரணைக்குச் சென்னையிலிருந்து சுதாராணி என்ற அதிகாரி வந்தார். மேட்டை நடந்து பார்த்தார், வழுக்கிய தடத்தைப் படம் எடுத்தார், விமானத்தைச் சுற்றிச் சுற்றிக் குனிந்து பார்த்தார். பிறகு எஸ்டேட் வராந்தாவில் நாற்காலி போட்டு எல்லோரையும் விசாரித்தார். பழனிக்குமார் கைக்குத் தூளி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். தாமதமாகத் தரையைத் தொட்டது, வேகம், பனி எல்லாவற்றையும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

"காயம் எப்போ ஆச்சு சார்?" என்று கேட்டார் சுதாராணி.

"கவுந்தப்பதான் மேடம். அப்ப... இடிச்சதுல."

கதவோரம் நின்ற வடிவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"பொய்யிங்கம்மா! கவுந்ததுல தொரைக்கு ஒண்ணுமே ஆகலைங்க. கண்ணாடிகூட ஒடையலை. எலும்பை ஒடைச்சது நான்தாங்க!"

"வடிவு, நீ சும்மா இரு."

"எப்பிடி தொரை சும்மா இருக்கது? அந்த அம்மா பிளேன் மேல பழி போட்டு எழுதுறாங்கள்ல? பிளேனு பாவம்."

சுதாராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வடிவு பெல்ட்டை அறுத்ததையும், அவர் விழுந்ததையும், முருங்கைக்கொம்புச் சத்தத்தையும், உடைந்த பக்கத்துக் கையையே பிடித்து இழுத்ததையும் மூச்சுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, போலீஸ் ஜீப்பில் ஏறத் தயாரானவள் மாதிரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

சுதாராணி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். முடியவில்லை.

"உக்காருங்கம்மா. இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்ல. கவுந்த பிளேன்ல நல்லா இருக்கிறவங்க தாங்களே பெல்ட்டைக் கழட்டிட்டுத் தலைகுப்புற விழுந்து கழுத்தை உடைச்சுக்கிட்டதெல்லாம் உண்டு. பெட்ரோல் ஒழுகுதுன்னா நானும் உங்களை மாதிரிதான் அவசரப்பட்டிருப்பேன். ஆனா ஒரு கையால ஆளைத் தாங்கிட்டு அறுத்திருப்பேன்."

"எப்பிடித் தாங்கணும்?" என்றாள் வடிவு உடனே.

"அது வந்து... ஒருத்தர் தலைகீழா இருந்தாதான் காட்ட முடியும்."

வடிவு திரும்பி அழகையாவைப் பார்த்தாள். அழகையா அன்று காட்டிய வேகத்தை லயம் அதற்கு முன் கண்டதில்லை. வராந்தாவிலிருந்து இறங்கிக் கேரட் கழுவுகிற தொட்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். கடைசியில் ஒரு பூண்டு மூட்டையைப் பேரிக்காய் மரத்தில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார்கள். தோளை மூட்டைக்கு அடியில் கொடுத்து, பாரத்தை உடம்பில் வாங்கிக்கொண்டு, பிறகு கயிற்றை அறுக்க வேண்டும் என்று சுதாராணி செய்து காட்டினார். வடிவு முதல் தடவை கயிற்றை அறுத்துவிட்டுத் தோளைக் கொடுத்தாள். மூட்டை பிய்ந்து பூண்டெல்லாம் முற்றத்தில் உருண்டது.

"நான் இன்னொரு தடவை செத்தேன்" என்றார் பழனிக்குமார்.

இருட்டும்வரை வடிவு விடவில்லை. கடைசியில் மூட்டையைப் பச்சைப்பிள்ளை மாதிரி இறக்கிவைத்தாள். சுதாராணி கை தட்டிவிட்டு மலையிறங்கிப் போனார்.

விமானத்தைச் சிறகு வேறு உடல் வேறாகக் கழற்றி, கேரட் ஏற்றுகிற லாரியில் கட்டி அனுப்பினார்கள். பழனிக்குமாரைச் சில மாதம் விமானம் ஓட்டக்கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். அவர் மனைவி ராஜகுமாரி போட்ட தண்டனை அதைவிடக் கடுமை. இனி ஆயுள் முழுக்க அவர் தனியாகப் பறக்கக்கூடாது, பக்கத்தில் தேர்ந்த விமானி ஒருவர் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் பறந்து போகிற இடத்திலேயே சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

யாரும் தண்டிக்காத வடிவு தன்னைத் தானே தண்டித்துக்கொண்டாள். இனிமேல் எதிலும் நிதானமாக இருப்பது என்று முடிவு செய்தாள். அது லயத்துக்கே பெரிய தொந்தரவாகிவிட்டது. ரொட்டியைத் திருப்பிப் போடுமுன் நின்று யோசித்தாள், ரொட்டி கருகியது. கேரட் பாத்தியில் ஒவ்வொரு கிழங்கையும் சுற்றி மண்ணைத் தளர்த்தி எடுத்தாள், கூட வேலை செய்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தபோதும் அதே இடத்தில் இருந்தாள். பேசும்போதுகூட ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே ஓர் இடைவெளி. அழகையாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அவருடைய நிதானம் முழுக்க அவளுடைய அவசரத்தின் மேல் சாய்ந்து நின்றது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. இருவருமே நிதானமாக இருந்தால் அடுப்பை யார் பற்றவைப்பது?

"நீ பழையபடியே இரு, புள்ள" என்றார் ஒரு நாள். "எனக்குப் பசிக்குது."

"திரும்ப யாரையாச்சும் ஒடைச்சுப்புட்டா?"

"ஒடைச்சாத்தான் என்ன? டிராக்டரு இருக்கு, கொண்டுபோறேன்."

அவள் சிரித்தாள். ஆனாலும் மாறவில்லை.

மழைக்காலம் முடிந்து மேடு காய்ந்ததும் பழனிக்குமார் பழுதுபார்த்த விமானத்தில் மறுபடி கிளம்பினார். ஓட்டிவந்தவர் பிரசாந்த் என்ற பயிற்சியாளர். பழனிக்குமார் பக்கத்துச் சீட்டில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். மேட்டின் முனையில் இருந்த கரையை இப்போது இடித்துச் சரிவாக்கி, போர்வையையும் சிவப்பாக மாற்றியிருந்தார்கள்.

விமானச் சத்தம் கேட்கும்போது சிவப்புப் போர்வை வடிவின் கக்கத்தில் இருந்தது. விரிக்க முடியவில்லை. சோலைக்காட்டிலிருந்து காட்டுமாடுகள் ஏறிவந்து மேட்டின் நட்டநடுவில் நின்றன. பசுமாட்டை ஓட்டுவது வேறு, சுவர் மாதிரி நிற்கிற காட்டுமாட்டை ஓட்டுவது வேறு. துண்டை வீசினாள், தகரம் தட்டினாள். கிழட்டுக் காளை ஒன்று மட்டும் தலை நிமிர்ந்து, யாரோ கூப்பிட்டதுபோல் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது.

விமானம் ஒரு வட்டம் அடித்தது. இரண்டாவது வட்டம் அடித்தது. வந்த வழியில் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் ஏறி மூடிவிட்டது, திரும்பிப்போக இடமில்லை என்பது கீழே நின்றவர்களுக்கே தெரிந்தது. கேரளப் பக்கமிருந்தும் மூட்டம் நகர்ந்து மேட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"டிராக்டரு!" என்றாள் வடிவு.

அழகையா டிராக்டரைக் கிளப்பினார். வெரசாகத்தான் கிளப்பினார். பிறகு முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுப்பதற்காகக் கீழே இறங்கினார். கல்லை எடுத்து ஓரமாக வைத்தார். வழியில் இல்லாமல் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். நிமிர்ந்து பார்த்தபோது டிராக்டர் இல்லை.

வடிவு அதற்கு முன் டிராக்டர் ஓட்டியதே கிடையாது. பல வருஷமாகப் பக்கத்தில் தொற்றிக்கொண்டு போனதில் எதை அமுக்கினால் போகும் என்பது தெரியும். சிவப்புப் போர்வை தோளில் பறக்க, ஹாரனை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "போ! போ! தொரை வாராரு!" என்று கத்திக்கொண்டு மேட்டில் பாய்ந்தாள். காட்டுமாடுகள் முதலில் நம்பவில்லை. பிறகு ஒன்று திரும்பியது, பின்னாலேயே எல்லாம் திரும்பிச் சரிவில் இறங்கிச் சோலைக்குள் போயின. கிழட்டுக் காளை கடைசியாக, தன் இஷ்டத்துக்குப் போவதுபோல் போனது.

எதை அமுக்கினால் நிற்கும் என்பது வடிவுக்குத் தெரியாது.

விமானம் இறங்குகிற இடத்தில் நிற்கக்கூடாது என்பது மட்டும் நினைவிருந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஓரமாகத் திருப்பினாள். ஓரத்தில் இருந்தது ஒரே ஒரு கம்பம். டிராக்டர் அதைப் போய் முட்டி, இருமி, நின்றது. கம்பம் சாய்ந்து, ஆரஞ்சுத் துணிக்குழாய் அவள் தலைமேல் கவிழ்ந்தது. அந்த நேரத்தில் அவளுக்குப் பின்னால் விமானம் ஒரு குதிகூடக் குதிக்காமல், பூனை மாதிரி தரையில் இறங்கி ஓடி நின்றது.

பழனிக்குமார்தான் முதலில் ஓடிவந்தார். துணிக்குழாய்க்குள்ளிருந்து வடிவின் குரல் கேட்டது.

"தொரை, எனக்கு ஒண்ணும் ஆகலைங்க."

"அசையாதே. நான் தூக்கிவிடறேன்."

"கிட்ட வராதீங்க! நானே எறங்கிக்கிறேன்."

பழனிக்குமார் விழுந்து விழுந்து சிரித்தார், ஒட்டிய எலும்பு வலிக்கிறது என்று தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிரசாந்த் இரு கைகளையும் கூப்பி வடிவைக் கும்பிட்டார். மேலே மூட்டத்துக்கு நடுவே மேடு சின்ன நாடாவாகத் தெரிந்ததையும், அதில் சிவப்பாக ஏதோ ஒன்று மாடுகளைத் துரத்திக்கொண்டு ஓடியதையும் அவர் சொல்லிச் சொல்லி மாளவில்லை. அழகையா வெகு நேரம் கழித்து நடந்து வந்து சேர்ந்தார். முதலில் வடிவைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிறகு டிராக்டரைச் சுற்றிவந்து பார்த்தார். முன்பக்கம் நசுங்கியிருந்தது. நசுங்கின இடத்தைத் துண்டால் துடைத்தார். அன்று ராத்திரி ரொட்டி கருகவில்லை, தேங்காய்ச் சம்பலில் மட்டும் அவசரத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. அழகையா அதை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போதும் புல்மேட்டுக்கு எப்போதாவது விமானம் வருகிறது. விமானம் கவிழ்ந்த வயலில் திருமலைச்சாமி இந்த வருஷம் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார். புதுக் கம்பம் நட்டாகிவிட்டது. எஸ்டேட்டில் இன்னொருவருக்கும் டிராக்டர் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று பழனிக்குமார் சொன்னதால், ஞாயிற்றுக்கிழமைகளில் அழகையா வடிவுக்கு அதே மேட்டில் சொல்லிக்கொடுக்கிறார். அவள் சீட்டில் இருப்பாள், அவர் பக்கத்தில் நடந்து வருவார்.

"பிரேக்கு தெரிஞ்சுபோச்சு" என்றாள் வடிவு போன வாரம். "அடுத்து என்ன?"

"அடுத்தும் பிரேக்குத்தான்" என்றார் அழகையா.